மீலி மீல் விலையும் அதை எண்ணுகிறவர்களும்: தென்னாப்பிரிக்காவில் வேளாண் பொருளியலாளரின் வேலை

2025இல் தென்னாப்பிரிக்காவில் மக்காச்சோளம் நன்றாக விளைந்தது. முந்தைய ஆண்டு வறட்சியில் சுமார் 1.28 கோடி டன்னுக்கு இறங்கிப்போயிருந்த அறுவடை, 1.5 கோடி டன்னைத் தாண்டியது. நாட்டின் ஆண்டுத் தேவை ஏறக்குறைய 1.2 கோடி டன். ஆக, வயலில் பஞ்சமில்லை. ஆனால் டர்பனின் இந்தியர் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ கடைக்குப் போய் மீலி மீல் என்ற மக்காச்சோள மாவுப் பை வாங்குகிறவருக்கு அந்தச் செய்தி கைக்கு வந்துசேர மாதங்கள் ஆகின்றன. வரும்போதும் பாதிதான் வருகிறது.

குழப்பம் அதோடு நிற்பதில்லை. உணவுப் பணவீக்கம் தணிந்துவிட்டது என்று ஒரு பொருளியலாளர் வானொலியில் விளக்குகிற அதே மாதத்தில், ஏழைக் குடும்பத்தின் மளிகைச் செலவு ஏறிவிட்டது என்று இன்னொரு அமைப்பு அறிக்கை விடுகிறது. சர்க்கரை வரி வேலைகளைப் பறித்தது என்கிறார் ஒருவர். நல்ல பலன் தந்தது என்கிறார் மற்றவர். எல்லாரும் ஒரே மாதிரிப் படிப்பைப் படித்தவர்கள், பெரும்பாலும் ஒரே புள்ளிவிவரத்தைப் பார்ப்பவர்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு கேள்விக்கு விடை சொல்கிறார்கள். எந்தக் கேள்விக்கு என்பதைத்தான் செய்தி நமக்குச் சொல்வதில்லை.

என்ன படிக்கிறார்கள்?

வேளாண் பொருளியல் படித்தவருக்கு உழவு தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். விலை தெரிந்திருக்க வேண்டும். நேட்டாலில் இதைப் படிக்க விரும்பும் பிள்ளைகள் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்துக்குப் போகிறார்கள். பிரிட்டோரியா, ஸ்டெல்லன்போஷ், ஃப்ரீ ஸ்டேட், ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகங்களிலும் இந்தத் துறை உண்டு. இளநிலைப் பட்டத்தோடு வங்கியிலோ தானிய வணிக நிறுவனத்திலோ வேலைக்குப் போய்விடலாம். கொள்கை ஆராய்ச்சிக்கு முதுகலையாவது வேண்டும். பெயர் சொல்லும்படி நிற்க முனைவர் பட்டம் வேண்டும். இத்துறையின் ஆய்விதழான 'அக்ரிகான்' 1962 முதல் வந்துகொண்டிருக்கிறது.

இவர்கள் கையில் இருக்கும் கருவிகள் பல. செய்தியைப் புரிந்துகொள்ள மூன்று போதும்.

1. தேவை நெகிழ்ச்சி. விலை ஏறினால் மக்கள் வாங்குவது எவ்வளவு குறையும் என்பதன் அளவு. குளிர்பானத்துக்கு இது அதிகம்; மீலி மீலுக்கு மிகக் குறைவு. அடிப்படை உணவின் விலை ஏறினால் ஏழை வீட்டில் குறைவது அந்த உணவு அல்ல. கோழி குறையும், தக்காளி குறையும், பால் குறையும். பசி தெரியாது, சத்து போய்விடும். தமிழ்நாட்டில் கேழ்வரகிலும் கம்பிலும் கொதிக்கும் ஆடிக்கூழ் இங்கே மாரியம்மன் கோயில்களில் மீலி மீலில் கொதிக்கிறது. மாவு விலை ஏறிய ஆண்டிலும் அண்டாவின் அளவு குறைவதில்லை. நெகிழ்ச்சி குறைவு என்பதன் பொருள் அதுதான்.

2. விலைக் கடத்தல். வயலில் ஏற்படும் விலை மாற்றம் எவ்வளவு வேகமாக, எவ்வளவு முழுமையாகக் கடைக்கு வந்துசேர்கிறது என்ற கணக்கு.

3. மாற்றுநிலைக் கணக்கு. ஒரு வரியோ மானியமோ இல்லாமலிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற மதிப்பீடு. நடந்ததை எண்ணுவது எளிது. நடக்காததை எண்ணுவதில்தான் பொருளியலாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

வாரியங்கள் விலை வைத்த காலம்

1937இல் வந்த சந்தைப்படுத்தல் சட்டம் தென்னாப்பிரிக்க விவசாயத்தை வாரியங்களின் கையில் கொடுத்தது. மக்காச்சோள வாரியம் ஆண்டுதோறும் விலையை நிர்ணயித்தது, வாங்கியது, விற்றது. விவசாயி வேறு யாருக்கும் விற்க முடியாது. இந்த ஏற்பாடு வெள்ளை விவசாயிகளுக்காக, அவர்கள் வாக்கை நம்பியிருந்த அரசால் கட்டப்பட்டது என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. அன்றைய வேளாண் பொருளியலாளரின் வேலை, இந்த ஆண்டு என்ன விலை வைக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது.

1980களிலேயே பல்கலைக்கழகங்களுக்குள் இதை எதிர்த்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஸ்டெல்லன்போஷ் பேராசிரியர் எக்கார்ட் காசியர் தலைமையிலான விசாரணைக் குழு 1990களின் தொடக்கத்தில் வாரிய முறையைக் கடுமையாக விமர்சித்தது. 1995இல் தென்னாப்பிரிக்க முன்பேரச் சந்தையான சாஃபெக்ஸில் வேளாண் பொருட்களுக்கான முன்பேர வணிகப் பிரிவு தொடங்கியது. 1996இன் 47ஆம் எண் சட்டம் வாரியங்களை மூடவைத்து, அவற்றுக்குப் பதிலாகத் தேசிய வேளாண் சந்தைப்படுத்தல் மன்றத்தை அமைத்தது. இம்மன்றத்துக்கு விலை வைக்கும் அதிகாரம் கிடையாது. ஆராய்ந்து அமைச்சருக்கு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான்.

துறையில் இருந்தவர்களின் பிழைப்பே இதனால் மாறியது. முன்பு விலை வைக்க உதவியவர்கள், இப்போது யாரும் வைக்காத விலை எப்படி வந்தது என்று விளக்க வேண்டியதாயிற்று. இன்று வானொலியில் நாம் கேட்கும் பேச்சு முழுவதும் இந்த இரண்டாவது வேலையின் பேச்சு.

கூரையும் தரையும்

முன்பேர வணிகம் என்பது, இன்ன மாதத்தில் இன்ன விலைக்கு இவ்வளவு தானியம் தருகிறேன் அல்லது எடுத்துக்கொள்கிறேன் என்று இன்றே செய்யும் ஒப்பந்தம். வெள்ளை மக்காச்சோள ஒப்பந்தம் ஒன்றின் அளவு 100 டன். விலை கௌட்டெங்கில் உள்ள ராண்ட்ஃபொன்டெய்னை அடிப்படை இடமாகக் கொண்டு சொல்லப்படும். 2001இல் சாஃபெக்ஸை ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தை வாங்கிவிட்டது. ஆனாலும் சந்தையில் எல்லாரும் இன்றும் சாஃபெக்ஸ் விலை என்றே சொல்கிறார்கள்.

இந்த விலை எங்கிருந்து வருகிறது? கணக்குக்காக உருண்டையான எண்களை எடுத்துக்கொள்வோம். இவை உண்மைச் சந்தை விலைகள் அல்ல.

1. அமெரிக்கத் துறைமுகத்தில் ஒரு டன் மக்காச்சோளம் 200 டாலர், ஒரு டாலருக்கு 18 ராண்ட் என்றால், டன் 3,600 ராண்ட்.

2. கப்பல் வாடகை, காப்பீடு, டர்பன் துறைமுகத்தில் இறக்குகூலி, அங்கிருந்து ராண்ட்ஃபொன்டெய்ன் வரை லாரி வாடகை எல்லாம் சேர்த்து 1,400 ராண்ட் என்று வைப்போம். இறக்குமதி செய்தால் மில்லுக்கு அடங்கும் விலை 5,000. உள்நாட்டு விவசாயி இதற்கு மேல் கேட்டால் மில்காரர் கப்பல் சரக்கை வாங்கிக்கொள்வார். இதுதான் கூரை, துறையில் இறக்குமதிச் சமநிலை விலை என்பார்கள்.

3. விளைச்சல் மிஞ்சினால் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். வாங்குகிறவர் டர்பனில் 3,600 கொடுப்பார். வயலிலிருந்து துறைமுகம் வரை 800 ராண்ட் செலவு. விவசாயிக்கு மிஞ்சுவது 2,800. இது தரை, ஏற்றுமதிச் சமநிலை விலை.

4. கூரைக்கும் தரைக்கும் இடையே 2,200 ராண்ட். உள்நாட்டு அறுவடை தீர்மானிப்பது, விலை இந்த இடைவெளியில் எங்கே நிற்கும் என்பதை மட்டுமே.

5. ராண்ட் 18இலிருந்து 20க்குச் சரிந்தால், மழை ஒரு துளி மாறாமலே கூரையும் தரையும் குறைந்தது 400 ராண்ட் மேலே போகும்.

ஐந்தாவது வரியில்தான் அரசியல் இருக்கிறது. 2001 டிசம்பரில் ராண்டின் மதிப்பு டாலருக்குக் கிட்டத்தட்ட 14 வரை விழுந்தது. அடுத்த மாதங்களில் வெள்ளை மக்காச்சோளம் டன்னுக்கு 2,000 ராண்டைத் தொட்டது. முந்தைய ஆண்டுகளில் அதன் பாதிகூட இல்லாத விலை. நாட்டுக்குள் விளைந்து, நாட்டுக்குள் அரைத்து, நாட்டுக்குள் தின்னும் தானியத்துக்கு டாலர் விலையா என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. நியாயமான கேள்வி. சூதாடிகள் என்று சாஃபெக்ஸைத் திட்டினார்கள். அரசு உணவு விலைக் கண்காணிப்புக் குழுவை அமைத்தது. அதன் இறுதி அறிக்கை 2003 டிசம்பரில் வந்தது. விலைகளைத் தொடர்ந்து கண்காணித்து அறிக்கை வெளியிடும் பணி அதன்பிறகு சந்தைப்படுத்தல் மன்றத்தின் வழக்கமாயிற்று. ஒரு தலைமுறை இளம் பொருளியலாளர்களுக்கு அந்த நெருக்கடிதான் தொழில் கற்றுத்தந்தது என்று சொன்னால் மிகையில்லை.

கூரையிலிருந்து தரைக்கு விலை விழுவதைக் கண்ணெதிரே காட்டிய ஆண்டுகள் 2016, 2017. எல் நீனோ வறட்சியில் 2016 அறுவடை 78 லட்சம் டன்னுக்குச் சுருங்கியது. அந்த ஜனவரியில் வெள்ளை மக்காச்சோளம் டன்னுக்கு 5,000 ராண்டைத் தாண்டியது. மறு ஆண்டு மழை பெய்தது, அறுவடை 1.68 கோடி டன், அதுவரை காணாத அளவு. விலை 2,000 ராண்டுக்குக் கீழே போனது. இரண்டு ஆண்டுகளிலும் விவசாயி திறமையில் மாற்றமில்லை, மில்காரர் பேராசையிலும் மாற்றமில்லை.

வெள்ளை மக்காச்சோளத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உலகச் சந்தையில் ஓடுவது பெரும்பாலும் மஞ்சள். அது கால்நடைத் தீவனம். இங்கே மக்கள் உண்பது வெள்ளை. மெக்சிகோ, அமெரிக்கா போன்ற சில நாடுகளில் மட்டுமே அது விற்பனைக்குக் கிடைக்கும். ஆகவே பஞ்ச ஆண்டில் வெள்ளையின் விலை மஞ்சளை விட்டு மேலே ஏறிவிடும். 2024இல் நடந்தது இதுவே. 2025இன் தொடக்கத்திலும் பழைய பஞ்ச விலைதான் ஓடிக்கொண்டிருந்தது.

மில்லிலிருந்து கடைத்தட்டு வரை

சாஃபெக்ஸ் விலை இறங்கியதும் மாவு விலை இறங்காததற்குக் காரணங்கள் உண்டு. எல்லாம் ஒரே தரத்தவை அல்ல.

1. மில்கள் தானியத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும். சாஃபெக்ஸ் மாற்றம் கடைக்கு வர மூன்று நான்கு மாதமாவது ஆகும் என்பது துறையில் பொதுவான கணக்கு.

2. ஒரு டன் மக்காச்சோளத்தை அரைத்தால் சூப்பர் ரக மாவு மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். மீதி தவிடு தீவனத்துக்குப் போகும்.

3. மின்சாரம், டீசல், பை, சம்பளம், கடை வாடகை ஆகியவை மக்காச்சோள விலையோடு இறங்குவதில்லை. 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது மில்கள் டீசல் ஜெனரேட்டரில் ஓடின.

4. ஏறும்போது வேகமாகவும் இறங்கும்போது மெதுவாகவும் கடத்துவது. ராக்கெட்டும் இறகும் என்று உலகமெங்கும் பொருளியலாளர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதல் மூன்றும் செலவுக் கணக்கு. நான்காவது அதிகாரக் கணக்கு. நிறுவனங்கள் போட்டியை முடக்குவதை விசாரிக்கும் அரசு அமைப்பான போட்டி ஆணையத்தின் பொருளியலாளர்கள் தேடுவது இதைத்தான். தேடினால் கிடைக்கும் என்பதற்கு ரொட்டி வழக்கு சாட்சி. 2006இன் இறுதியில் மேற்குக் கேப்பின் சிறு ரொட்டி வியாபாரிகள் புகார் கொடுத்தார்கள். பெரிய ரொட்டி நிறுவனங்கள் கூடிப்பேசி விலை வைத்தது வெளியே வந்தது. டைகர் பிராண்ட்ஸ் 2007இல் சுமார் 9.9 கோடி ராண்ட் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. பயனியர் ஃபுட்ஸுக்கு 2010இல் போட்டித் தீர்ப்பாயம் விதித்தது ஏறக்குறைய 19.6 கோடி ராண்ட். வாரியங்களை ஒழித்தால் போட்டி தானாக வரும் என்ற 1990களின் நம்பிக்கை அந்த வழக்கில் அடிபட்டது. வாரியம் வைத்த விலைக்காவது ஓர் அரசிதழ் அறிவிப்பு இருந்தது.

வாட்: பூஜ்யம் வேறு, விலக்கு வேறு

வாட் எனப்படும் மதிப்புக்கூட்டு வரி 1991இல் வந்தது. 1993இல் 14 சதவீதம், 2018 ஏப்ரலில் 15. 2025இல் அதை முதலில் 15.5 ஆகவும் மறு ஆண்டு 16 ஆகவும் உயர்த்தும் திட்டம் கூட்டணி அரசுக்குள்ளேயே எதிர்ப்பைக் கிளப்பிக் கைவிடப்பட்டது. கைவிட்டபோது இன்னொன்றும் சேர்ந்து போனது. ஏழைகளுக்கு ஈடாக, ஈரல் குடல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சிகளுக்கும் டின் காய்கறிகளுக்கும் சில பால் பொருட்களுக்கும் தருவதாகச் சொன்ன பூஜ்ய வரி.

பூஜ்ய வரி என்றால் விற்பனையில் வரி 0 சதவீதம். விற்பவர் தாம் வாங்கிய மின்சாரம், பை போன்றவற்றுக்குக் கட்டிய வரியையும் திரும்பப் பெறலாம். வரிவிலக்கு என்றால் விற்பனையில் வரி கிடையாது, ஆனால் கட்டிய வரி திரும்பாது. அது விலைக்குள் ஒளிந்துகொள்ளும். செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. அடிப்படை உணவுகள் பெறுவது முதல் வகை.

நம் வீட்டுச் சமையலறையில் நின்று இந்தப் பட்டியலைப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். அரிசி, பருப்பு, காய்ந்த பீன்ஸ், சமையல் எண்ணெய், முட்டை, காய்கறி, பால், மீலி மீல், உடைத்த மக்காச்சோளமான சாம்ப், பாட்டிமார் காலத்து மீலி ரைஸ் எனும் மக்காச்சோள நொய் எல்லாவற்றுக்கும் பூஜ்யம். டின் மீன் கறிக்கான பில்சர்ட் டின்னுக்கும் பூஜ்யம். கோழிக்கு 15 சதவீதம். பழுப்பு ரொட்டிக்குப் பூஜ்யம், வெள்ளை ரொட்டிக்கு 15. ஆக, குடைந்து கறி நிரப்பும் பன்னி சவ் ரொட்டிக்கு வரி உண்டு. 2018இல் பேராசிரியர் இங்க்ரிட் வூலார்ட் தலைமையிலான குழு வெள்ளை ரொட்டி, ரொட்டி மாவு, கேக் மாவு, சானிட்டரி பேட், பள்ளிச் சீருடை, குழந்தை நாப்கின் ஆகியவற்றைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. 2019 ஏப்ரலில் அரசு ஏற்றுக்கொண்டது இரண்டு மாவுகளையும் பேடையும் மட்டுமே. அதனால் வெள்ளை ரொட்டிக்கான மாவுக்கு வரியில்லை, ரொட்டிக்கு வரி.

கோழியையும் சேர்த்தால் என்ன என்று ஒவ்வொரு பட்ஜெட்டிலும் கேட்கிறார்கள். பொருளியலாளர் இரண்டு எண்களைப் பார்ப்பார். ஏழை தன் செலவில் எத்தனை சதவீதம் அந்தப் பொருளுக்குக் கொடுக்கிறார்? மொத்த விற்பனையில் ஏழைகள் வாங்குவது எவ்வளவு? பணக்காரர் நிறையக் கோழி வாங்கினால் வரிச் சலுகையின் பெரும்பகுதி அவரிடமே போய்ச்சேரும். அந்தப் பணத்தைக் குழந்தை உதவித்தொகையில் போடுவது நேராக ஏழையைச் சேரும் என்பது நிதித்துறைப் பக்கத்து வாதம். கணக்குச் சரிதான். ஆனால் அந்தப் பணம் உண்மையில் உதவித்தொகையில் போடப்படுமா என்பது கணக்குக்குள் இல்லை. 2024இல் குழந்தை உதவித்தொகை மாதம் 530 ராண்ட். ஒரு நாளைக்கு 2,100 கலோரி பெற ஒருவருக்குத் தேவை என்று புள்ளியியல் துறை அதே ஆண்டு சொன்ன தொகை மாதம் 796 ராண்ட். இந்த இடைவெளி இருக்கும்வரை பூஜ்ய வரிக்கான போராட்டத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

அரிசி: நெம்புகோல் இல்லாத விலை

தென்னாப்பிரிக்காவில் அரிசி விளைவதில்லை என்றே சொல்லலாம். ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன், பெரும்பாலும் தாய்லாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிறது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தது. ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. 2024 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் இவை விலகின. இங்கே அரிசிக்கு இறக்குமதி வரி கிடையாது, வாட்டும் கிடையாது. குறைக்க அரசின் கையில் எதுவும் மீதமில்லை. நேர்மையான கொள்கை ஆய்வாளரின் விடை இந்த இடத்தில் ஒரு வரிதான்: டெல்லியையும் ராண்டையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சர்க்கரை: இரண்டு கணக்கு, இரண்டும் சரி

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்தவர்கள் டர்பனில் இறங்கியது கரும்புக்காகத்தான். டொங்காட், வெருலம், மவுண்ட் எட்ஜ்கோம்ப், உம்சின்டோ என்ற ஊர்ப்பெயர்கள் நம் குடும்பக் கதைகளில் வருவது அதனால்தான். ஆகவே சர்க்கரை வரி பற்றிய சண்டை கடற்கரை நேட்டாலில் வெறும் சுகாதாரச் செய்தியாக இருக்க முடியாது.

2018 ஏப்ரல் 1 அன்று சுகாதார மேம்பாட்டு வரி நடைமுறைக்கு வந்தது. இனிப்புப் பானத்தில் 100 மில்லிக்கு 4 கிராம் சர்க்கரை வரை வரியில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் 2.1 சென்ட், மறு ஆண்டு 2.21 சென்ட். 100 மில்லிக்கு 10 கிராம் உள்ள 330 மில்லி டின் ஒன்றுக்கு முதலாண்டு வரி சுமார் 42 சென்ட். பானத்தின் அளவுக்கு வரி போடாமல் சர்க்கரையின் அளவுக்குப் போட்டதால், நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்தால் வரியும் குறையும். அவை குறைத்தன. வரி வடிவமைக்கப்பட்டதே அதற்காக.

விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் பிரைஸ்லெஸ் ஆய்வுக் குழு போன்ற பொதுச் சுகாதாரப் பக்கத்தவர்கள் எண்ணியது, மக்கள் குடிக்கும் சர்க்கரை எவ்வளவு குறைந்தது என்பதை. கரும்புத் தொழிலின் பக்கம் நின்றவர்கள் எண்ணியது, குறைந்த அந்தச் சர்க்கரையை விளைவித்தவர் வருமானமும் வேலையும். சர்க்கரை குறைந்தால் கரும்பு விற்பனை குறையும். ஒன்று உண்மையானால் மற்றதும் உண்மை. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று பொய்யென்று சொன்னதில்தான் வாசகர் ஏமாந்தார்.

உண்மையான சிக்கல் மாற்றுநிலைக் கணக்கில் இருக்கிறது. அதே ஆண்டுகளில் வறட்சியின் பின்விளைவு இருந்தது. அண்டை நாடான எஸ்வாட்டினியிலிருந்து தீர்வையின்றிச் சர்க்கரை வந்தது. உலக விலை விழுந்தபோது இறக்குமதித் தீர்வை உயர்வதில் தாமதம் இருந்தது. டொங்காட் ஹுலெட் என்ற பெரிய சர்க்கரை நிறுவனத்தின் கணக்குமுறைகேடு 2019இல் வெளிவந்தது; 2022 அக்டோபரில் அது தொழில்மீட்பு நடவடிக்கைக்குள் போனது. இத்தனைக்கும் நடுவே, போன வேலைகளில் எத்தனை வரியால் போயின? ஒருவர் எந்த அனுமானத்தை எடுக்கிறாரோ அதைப் பொறுத்து எண் மாறும். ஆகவே இப்படிப்பட்ட எண் ஒன்றைச் செய்தியில் கண்டால், அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்பதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, வறட்சியையும் இறக்குமதியையும் கழித்துப் பார்த்தார்களா என்பதே. பணம் யார் கொடுத்தார் என்பதையும் கேட்கலாம், தவறில்லை.

யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

1. புள்ளியியல் துறை. மாதந்தோறும் நுகர்வோர் விலைக் குறியீடு. குறியீட்டில் உணவுக்கும் மதுவல்லாத பானங்களுக்கும் எடை சுமார் 18 சதவீதம். இது நாட்டின் மொத்தச் செலவின் சராசரி. பணக்காரர் அதிகம் செலவழிப்பதால் சராசரியும் அவர் பக்கமே சாயும். மேலும் பணவீக்கம் 10இலிருந்து 4க்கு இறங்கினால் விலை இறங்கியதாகப் பொருளில்லை. ஏறும் வேகம் குறைந்தது, அவ்வளவுதான்.

2. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பொருளாதார நீதி மற்றும் மாண்பு அமைப்பு. குறைந்த வருமானக் குடும்பங்களின் பெண்கள் வாங்கும் 44 உணவுப்பொருட்களின் விலையை டர்பன், ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன் உள்ளிட்ட ஊர்களில் எடுக்கிறது. இது சதவீதத்தைவிட ராண்டைப் பேசும். வானொலியில் மோதிக்கொள்வதாகத் தோன்றும் இரண்டு எண்கள் பெரும்பாலும் இதுவும் முதலாவதுமே.

3. தேசிய வேளாண் சந்தைப்படுத்தல் மன்றம். வயல் விலைக்கும் கடை விலைக்கும் உள்ள இடைவெளி, கடை விலையில் விவசாயியின் பங்கு.

4. பிஎஃப்ஏபி எனப்படும் உணவு, வேளாண் கொள்கைப் பணியகம். 2004இல் பல்கலைக்கழக வட்டத்தில் பிறந்தது. அடுத்த பத்தாண்டுகளுக்கான முன்னோக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அது ஜோசியம் அல்ல. மழையும் கொள்கையும் வழக்கம்போல் இருந்தால் என்ன ஆகும் என்ற அடிக்கோடு. மழை வழக்கம்போல் இருப்பதில்லை என்பது அதை எழுதுகிறவர்களுக்கும் தெரியும்.

5. அக்பிஸ் எனப்படும் வேளாண் வணிகச் சம்மேளனம். செய்தியில் மிக அதிகம் கேட்கும் பெயரான வான்டிலே சிஹ்லோபோ இங்கே தலைமைப் பொருளியலாளர்.

6. போட்டி ஆணையம். மேலே பார்த்தோம்.

7. வெளிநாடு. 1975இல் வாஷிங்டனில் தொடங்கிய பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம், ரோமில் உள்ள ஐநா உணவு வேளாண் அமைப்பு. சம்பளம் நல்லது; சொந்த ஊர் மாவு விலையைப் பற்றிப் பேசும் வாய்ப்பு குறைவு.

ஒருவரின் தொழில்வாழ்க்கை இந்த இருக்கைகளுக்கு நடுவே நகர்வதுதான். சிஹ்லோபோ ஃபோர்ட் ஹேரிலும் ஸ்டெல்லன்போஷிலும் படித்து, தானிய விவசாயிகள் அமைப்பான கிரெய்ன் எஸ்ஏவில் வேலை பார்த்து, அக்பிஸுக்கு வந்தவர்; 2019இல் குடியரசுத் தலைவரின் பொருளாதார ஆலோசனைக் குழுவிலும் இடம்பெற்றார். யோஹான் கிர்ஸ்டன் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளியல் துறையை நெடுங்காலம் நடத்தி, 2016இல் ஸ்டெல்லன்போஷின் பொருளாதார ஆராய்ச்சிப் பணியக இயக்குநரானார். துறை சிறியது. அரசுக்கு ஆலோசனை சொல்கிறவர், தொழிலுக்கு ஆய்வு செய்கிறவர், அடுத்த தலைமுறைக்குப் பாடம் நடத்துகிறவர் எல்லாம் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். சில சமயம் ஒரே ஆள். அதில் நன்மை உண்டு: அரைகுறைக் கணக்கை மற்றவர் உடனே பிடித்துவிடுவார். ஆனால் எல்லாரும் சேர்ந்து கேட்க மறந்த கேள்வியை வெளியிலிருந்து ஒருவர்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மளிகைச் செலவைப் பெண்களிடம் கேட்டு எண்ணும் யோசனை பல்கலைக்கழகத்திலிருந்து வராமல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ஒரு சிறிய அமைப்பிலிருந்து வந்தது தற்செயல் என்று தோன்றவில்லை.

பதிவேட்டில் ஏறாத விலை

காய்கறிக்கு வந்தால் புள்ளிவிவரம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. டர்பன் கிளேர்வுட்டில் உள்ள நகராட்சி மொத்தச் சந்தையில் விவசாயியின் சரக்கை முகவர்கள் கமிஷனுக்கு விற்கிறார்கள். ஒவ்வொரு விற்பனையும் கணினியில் ஏறுகிறது, அன்றைய விலை அன்றே தெரிகிறது. போட்டி ஆணையம் 2023இல் தொடங்கி 2025 ஜனவரியில் இறுதி அறிக்கை தந்த காய்கனிச் சந்தை விசாரணைக்கு அந்தப் பதிவுகள் பெரிதும் உதவின. சூப்பர்மார்க்கெட் விலைகளும் எளிதில் கிடைக்கின்றன.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கூட்டம் இருக்கிறது. விடியுமுன் கிளேர்வுட்டில் பெட்டி பெட்டியாக எடுத்து, பக்கி எனும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றி, வாரிக் சந்திப்பின் மார்னிங் மார்க்கெட்டிலும் டவுன்ஷிப் தெருக்களிலும் கூறுகட்டி விற்பவர்கள். கரும்புத் தோட்டக் கூலி ஒப்பந்தக் காலம் முடிந்து காய்கறித் தோட்டம் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்களில் இன்றும் உண்டு. பெட்டிக்கணக்கில் வாங்கிய தக்காளியைப் பத்து ராண்ட் கூறாக விற்கும்போது, விலை ஏறினால் அவர்கள் விலையை ஏற்றுவதில்லை. கூறில் ஒரு பழத்தைக் குறைக்கிறார்கள். கூறு எப்போதும் பத்து ராண்ட்தான். ராண்டில் மட்டும் விலை எழுதும் பட்டியலில் அங்கே பணவீக்கம் பூஜ்யம். கூறை எடைபோட்டுப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும். அதற்கு ஓர் ஆராய்ச்சி மாணவர் தராசோடு விடியற்காலை நான்கு மணிக்கு அங்கே போய் நிற்க வேண்டும்.